ஐந்தாவது தேசிக்காய்

நாலு சில்லுக்கு நாலு தேசிக்காய்தான் வைப்பார்கள். குகதாசன் ஐந்து வைத்தான்.

ஜெயரூபி அதைக் கவனித்தாள். தில்லைநாதனின் கராஜ் வாசலில், கார்த்திகை மழையில் ஊறிய மண்ணில், எஞ்சின் மாற்றிய அவளுடைய வான் நின்றது. ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய். ஐந்தாவதை அவளுடைய கணவன் குந்தியிருந்து கையை நீட்டி, வானின் அடிவயிற்றுக்குக் கீழே, நட்டநடுவில் உருட்டிவிட்டான். எந்தச் சில்லும் ஏறாத இடம் அது. வருசத்துக்கு ஒருதரம் கோயில் வாசலை மிதிக்கிறவன், கண்ணூறு கழிப்பவர்களைக் கண்டால் நக்கலடிக்கிறவன், அன்றைக்குக் கற்பூரம் கொளுத்த மூன்று நெருப்புக்குச்சியை வீணாக்கினான். தில்லைநாதன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி நின்றார்.

வானை முன்னுக்கு எடுத்தபோது நாலும் நசிந்தன. ஐந்தாவது முழுசாக, பச்சையாக, அப்படியே கிடந்தது.

அந்த வான்தான் ஜெயரூபியின் சோறு. தர்மபுரத்திலிருந்து விசுவமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காலையிலும் மத்தியானமும் பதினொரு சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். ஆவணி வெக்கையில் பழைய எஞ்சின் சூடேறி இறுகிப்போனது. கொழும்பில் வந்திறங்கிய யப்பான் எஞ்சின் ஒன்று தில்லைநாதனிடம் இருக்கிறது என்று குகதாசன்தான் சொன்னான். எஞ்சினில் பிரச்சினை இல்லை. அதை ஆட்டுவிக்கிற கொம்பியூட்டர் பெட்டி எது என்பதில்தான் இழுபறி. அவள் அங்கே இங்கே விசாரித்து, வவுனியாவில் அந்தப் பெட்டிகளையே திறந்து பழுது பார்க்கிற அஸ்மின் என்பவருக்குப் போன் எடுத்தாள்.

"மூண்டு வழி இருக்கு அக்கா" என்றார் அவர். "உங்கட வான்ட பழைய பெட்டி இந்த எஞ்சினோட ஒத்துவராது, பெற்றோலை அள்ளி ஊத்தும். எஞ்சினோட வந்த பெட்டி நல்லா ஒத்துவரும். ஆனா அது வேற வண்டியில ஓடிப் பழகினது. பழைய ட்ரைவர்ட கால் பழக்கமெல்லாம் அதுக்குள்ள கிடக்கும். வெறும் பெட்டி புதுசா எடுத்தா நான் எழுதித் தருவன். பிள்ளையள் ஏத்திற வான்தானே. புதுசைப் போடுங்க."

அவள் புதுசைத்தான் கேட்டாள். அதற்கென்று கையில் கிடந்த இரண்டு காப்பையும் கழற்றிக் குகதாசனிடம் கொடுத்தாள். நாலு நாளில் வந்து, "போட்டாச்சு ரூபி, புத்தம் புதுசு" என்றான். பதினாறு வருசம் கூட வாழ்ந்த மனுசன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

திங்கட்கிழமைக் காலை வான் பூனை நடை நடந்தது. பிள்ளைகள் மழைக்கோட்டும் ஈரச் சப்பாத்துமாக ஏறி, யன்னல் கண்ணாடியில் விரலால் படம் கீறிக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வைப்பர் மழைத் தூறலை இழுத்து இழுத்து ஒதுக்கியது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஏறி, வயல்களைத் தாண்டி, மருத மரம் நிற்கிற மதகடிக்கு வந்தபோது அவள் காலை அழுத்தினாள். வான் கேட்கவில்லை. அழுத்த அழுத்த வேகம் இறங்கியது. மதகு முடிகிற இடத்தில், பிறேக்கைத் தொடாமலே, வான் நின்றது.

எஞ்சின் நிற்கவில்லை. மெல்லிய ஒரே சீரான உறுமல். தகரத்தில் மழை. வாசம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போதுதான் அறுத்த முதிரை மரத்தின் வாசம், ஈரமும் துவர்ப்பும் கலந்து, இருக்கைகளுக்குக் கீழேயிருந்து எழும்பிப் பின்பக்கம் முழுவதையும் நிறைத்தது. அந்த வானில் ஒருநாளும் ஒரு விறகுக் கட்டைகூட ஏறியதில்லை. பிள்ளைகளின் கதை ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது.

டொக்.

ஒரே ஒரு தட்டு. இடதுபக்க முன் இருக்கையின் கீழே, காலடித் தகட்டுக்கு வெளியே இருந்து.

பிறகு வான் ஒரு உறுமலோடு தானாகவே எடுத்தது, வேகமாக, முன்சில்லு எதிலோ ஏறி இறங்கியது போல ஒருதரம் துள்ளி. கண்ணாடியில் பார்த்தாள். வீதியில் கல்லுமில்லை, பள்ளமுமில்லை.

"அன்ரி" என்றாள் முன்வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை. "ஆர் கீழ இருந்து தட்டினது?"

"ஒருத்தருமில்லை அம்மா. கல்லடிச்சது" என்றாள் ஜெயரூபி.

அந்த மதகடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் எப்படி? மூன்று வருசத்துக்கு முன்னர், இதே மாதம், அவளுடைய தம்பி கிருசாந்தன் அங்கேதான் கிடந்தான். அவன் முல்லைத்தீவு மினிபஸ்ஸில் கொண்டக்டர். கடைசி பஸ்ஸால் இறங்கி, மழைக்குள் வீட்டுக்கு நடந்துவந்தவனை ஏதோ ஒரு வாகனம் அடித்து, அடியில் இழுத்துக்கொண்டு நாற்பது கஜத் தூரம் போய் விட்டிருந்தது. இன்ன வாகனம் என்று தெரியவில்லை என்று பொலிஸ் எழுதிக்கொண்டது. அன்று தான் வேலை செய்த முதலாளியின் வானை ஹயருக்கு மல்லாவிக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்த குகதாசன் விடியவிடிய ஓடிவந்தான். அவளைக் கட்டிப்பிடித்துக் குழறினான். தாய் தகப்பன் இல்லாத தம்பிக்குக் கொள்ளி வைத்ததும் குகதாசன்தான். தன் தம்பிக்கு ஒரு அத்தான் இருந்தானே என்று அன்றைக்கு அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

கிருசாந்தனுக்கு எதையும் தட்டுகிற பழக்கம். பஸ்ஸின் தகரத்தில் ஒருதரம் தட்டினால் நிற்பாட்டு. இரண்டுதரம் தட்டினால் எடு. வீட்டிலும் அப்படித்தான். சோறு போதுமென்றால் கோப்பையில் ஒரு தட்டு, இன்னும் வேண்டுமென்றால் இரண்டு. அவள் ஏசுவாள், அவன் சிரிப்பான்.

அந்தத் திங்கள் மத்தியானம் திரும்பி வரும்போதும் வான் நின்றது. செவ்வாய்க்கிழமையும் நின்றது. அவள் வாய்க்குள் எண்ணிப் பார்த்தாள். நின்றதிலிருந்து எடுக்கும்வரை இருபத்திரண்டு. ஒவ்வொரு தரமும் இருபத்திரண்டு, கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொரு தரமும் அதே முதிரை வாசம். அதே ஒரு தட்டு. பின்னால் இருக்கிற பதினொரு பிள்ளைகளும் மதகு வரமுன்னரே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது. ஒருநாள் வேறு எங்காவது, ஒரு பஸ்ஸுக்கு முன்னால் இப்படி நின்றால், இந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வான் நிற்பதையும் சத்தம் கேட்பதையும் குகதாசனிடம் சொன்னாள். அவன் குசினி வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"எவடத்தில நிக்குது?"

"மதகடியில."

தேத்தண்ணி தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. "புதுப் பெட்டி பழக ஒரு கிழமை எடுக்குமாம். தில்லையண்ணை சொன்னவர். நீ குளத்தடி றோட்டால போவன்."

"அது ஆறு கட்டைத் தூரம் சுத்து. நீங்கள் ஒருக்கா வந்து ஓடிப் பாருங்கோவன்."

"பாப்பம்" என்றான். கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அவன் எப்போதுமே குளத்தடி றோட்டால்தான் போவான். மூன்று வருசமாக. தம்பி கிடந்த இடத்தைப் பார்க்க மனம் தாங்காது என்று அவளே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூட மதிலோரம் வேப்பமரத்தின் கீழ் வானை நிறுத்தினாள். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. இடதுபக்க முன் இருக்கையின் காலடியில், டாஷ்போர்ட்டுக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் மூடியை ஆணித்திருகியால் கழற்றினாள். உள்ளே, வயர்கள் செருகிய வெள்ளித் தகரப் பெட்டி. புத்தம் புதுசு என்றானே. மூலைகள் சொரசொரத்து, ஒரு பக்கம் நெளிந்து, நாலு ஆணியின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு காய்ந்திருந்தது. பக்கத்தில் சின்னத் தாள் ஒட்டி, நீலப் பேனையால் ஒரு இலக்கமும் திகதியும் எழுதியிருந்தது.

அவளுடைய காப்பு எங்கே போனதோ. முதலில் அந்தக் கோபம்தான் வந்தது, சின்னக் கோபம். பொய்யன். பிள்ளைகள் ஏறுகிற வானில் பழசைக் கொழுவிவிட்டு, முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். படம் எடுத்து அஸ்மினுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அவரே எடுத்தார்.

"அக்கா, இது என்ட கையால திறந்த பெட்டி. திறந்தா ஆணிக்கு நகப்பூச்சு வைக்கிறது என்ட வழக்கம். வேற ஆக்கள் பிறகு திறந்தா தெரியவேணுமே. பொறுங்க, கொப்பியில இலக்கத்தைப் பார்க்கிறன்."

தாள் புரளும் சத்தம். வேப்பமரத்திலிருந்து துளிகள் தகரத்தில் விழுந்தன.

"ஓம். குகன், தர்மபுரம். மாடு அடிச்சதெண்டு கொண்டுவந்தவர். உள்ளுக்க இருக்கிற பதிவெல்லாம் அழிச்சுத் தரச் சொன்னார். நானும் அழிச்சன், ஒண்டு மட்டும் அழியேல்ல. வண்டி சடாரெண்டு நிண்டு, இருபத்திரண்டு செக்கன் ஸ்டார்ட்டில நிண்டு, பிறகு முழு வேகத்தில எடுத்த பதிவு. எத்தினை தரம் அழிச்சும் திரும்பி வந்தது. அதால எனக்கு மறக்கேல்ல. நல்ல மனுசன். போகேக்க, நல்ல வட்டிலப்பம் எங்க வாங்கலாம் எண்டு கேட்டார். எங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கடையைக் காட்டிவிட்டன்."

ஜெயரூபி தாளிலிருந்த திகதியை மறுபடியும் பார்த்தாள். கண் அதை வாசித்தது. நெஞ்சு வாசிக்க மறுத்தது.

அது கிருசாந்தனின் எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். தம்பிக்கு வட்டிலப்பம் என்றால் உயிர். "அவன்ர ஆசைக்கு நான் வவுனியாவில போய் நல்லது வாங்கியாறன்" என்று குகதாசன் விடிய வெளிக்கிட்டவன் பொழுதுபடத்தான் வந்தான். கையில் வாழை இலை மூடிய சட்டி. அதை அவள் தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்தாள். மிச்சத்தை இருவருமாகச் சாப்பிட்டார்கள். அவளுக்கு ஊட்டிவிட்டதும் அவன்தான், அழுதழுது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவளுக்கு, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று.

அவள் வான் கதவைத் திறந்து, வேப்பமரத்து அடியில் குனிந்து, வயிற்றில் கிடந்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள்.

மத்தியானம் பிள்ளைகளை வேறொரு வானில் ஏற்றிவிட்டாள். பின்னேரம் ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தாள். மழை மறுபடி பிடித்திருந்தது. வானம் இருண்டு, எருமைகள் வீதியோரம் ஒதுங்கி நின்றன.

"இஞ்சாருங்கோ, சத்தம் கூடிப்போச்சு. வந்து கேளுங்கோ. பிள்ளையள் ஏறுற வான்."

அயல் வீட்டுக்காரி வேலியால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் மறுக்க முடியவில்லை. வெறும் மேலில் சேட்டைக் கொழுவிக்கொண்டு வந்து இடதுபக்க இருக்கையில் ஏறினான்.

வீதிக்கு ஏறி அவள் விசுவமடுப் பக்கம் திருப்பினாள்.

"ஏன் உந்தப் பக்கம்?"

"சத்தம் அங்கதான் கேக்குது."

வைப்பர் போய் வந்தது. கண்ணாடியில் அவனுடைய மூச்சுப் புகை படர்ந்து, சுருங்கி, படர்ந்தது. அவள் வீதியைப் பார்க்கவில்லை. அவனுடைய கால்களைப் பார்த்தாள். றப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள், மிதியடியின் மேல், பக்கம் பக்கமாக. ஏதாவது வேறு காரணம் இருக்கட்டும் கடவுளே என்று இன்னமும் மன்றாடிக்கொண்டிருந்தாள். மாடாக இருக்கட்டும். பெட்டி கைமாறியிருக்கட்டும். எதுவாக இருந்தாலும் நம்புகிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மருத மரம் தெரிந்தது.

வேகம் இறங்கியது.

வான் நின்றது. மழை. உறுமல். முதிரை வாசம்.

பத்து. பதினொன்று.

குகதாசன் கால்கள் இரண்டையும் மிதியடியிலிருந்து மேலே தூக்கினான்.

டொக்.

அவன் தூக்கியதற்குப் பிறகுதான் தட்டு வந்தது. அவனுடைய கால்கள் இருந்த அதே இடத்துக்குக் கீழே.

அவள் கியரைப் பார்க்கில் போட்டாள். கைப் பிறேக்கை இழுத்தாள். திறப்பைத் திருகிக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். எஞ்சின் அடங்கியது. இருபத்திரண்டு வந்தது, போனது. இந்தத் தரம் வான் எடுக்கவில்லை.

"எவடத்தில தட்டுமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

"நான் சத்தம் எண்டு மட்டும்தான் சொன்னனான். எங்கயெண்டு சொல்லேல்ல."

"ரூபி..."

"அண்டைக்கு நீங்கள் மல்லாவியில இல்லை."

"வானுக்குள்ள களவா வெட்டின முதிரை மரக்குத்தி கிடந்தது." குரல் அவனுடையது போலவே இல்லை. "முதலாளியின்ர. பொலிஸ் பிடிச்சா உள்ளுக்குத்தான். மழை... தெரியேல்ல ரூபி. சத்தியமா ஆளெண்டு தெரியேல்ல. நிப்பாட்டினனான்."

"பிறகு?"

"கீழ இருந்து தட்டினது."

"எத்தினை தரம்?"

அவன் அழத் தொடங்கினான்.

"எத்தினை தரம் தட்டினவன்?"

"ஒருக்கா."

நிற்பாட்டு. என்ர தம்பி, வானுக்குக் கீழே, உடம்பு நசிந்து கிடந்தும், தனக்குத் தெரிந்த முறையில், ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். நிற்பாட்டு.

"அத்தான் எண்டு கூப்பிட்டவன்" என்றான் குகதாசன். "குரல் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ரூபி... எனக்குப் பயத்தில... இறங்கேல்ல. தில்லையண்ணை அந்த வானை வெட்டி எல்லாம் வித்துப்போட்டார், எஞ்சினும் பெட்டியும்தான் மிச்சம். இரும்புதானே எண்டு நினைச்சன்."

இரும்புதானே. அந்த இரண்டையும் அவளுடைய வானிலேயே கொழுவி, அவளையே ஓட்டவும் விட்டிருக்கிறான். வானுக்கடியில் அவன் உருட்டிவிட்ட ஐந்தாவது தேசிக்காய் யாருக்கென்று இப்போது தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தவும் வரவில்லை. பதினாறு வருசம் அவன் பக்கத்தில் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறோமே என்று மட்டும் நினைத்தாள்.

டொக்.

"இறங்கிப் பாருங்கோ" என்றாள்.

"வேண்டாம் ரூபி."

"அண்டைக்கு இறங்கேல்லை. இண்டைக்கு இறங்குங்கோ. அவன் அவ்வளவுதான் கேட்டவன்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, கதவைத் திறந்தான். செருப்பு தண்ணீரில் விழுந்த சத்தம். போனில் லைற்றைப் போட்டான். மழைக்குள் முழங்காலில் குந்தினான். பிறகு தலை யன்னலுக்குக் கீழே இறங்கி மறைந்தது. வானின் அடியில் வெளிச்சம் புகுந்து, நனைந்த தார் வீதி இருபக்கமும் வெள்ளையாக மின்னியது.

அவள் எண்ணினாள்.

ஐந்து. ஆறு. வெளிச்சம் அசைந்தது. ஏதோ தேடியது.

பதின்மூன்று. நின்றது.

"தம்பி" என்று அவன் சொல்வது கேட்டது. கேள்வி போல. பிறகு, மிகவும் மெதுவாக, யாருக்கோ பதில் சொல்வது போல, "ஓம்."

இருபது. இருபத்தொன்று.

மழை மட்டும்.

டொக், டொக்.

இரண்டு தட்டு. எடு.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. திறப்பு அவளுடைய கைக்குள் இருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்து வலித்தன. கைப் பிறேக் இழுத்தபடி இருந்தது. அவள் கால்கள் இரண்டையும் இருக்கையின் மேல் தூக்கிக் கட்டிக்கொண்டாள். வான் மெல்ல, ஒரு துள்ளலோடு, முன்னுக்கு நகர்ந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது. இருட்டு. ஒரு செருப்பு. வெளிச்சம் அங்கே இல்லை. அது வானுக்கு அடியிலேயே, வானோடு கூடவே, தார் வீதியில் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

டொக்.

ஒரு தட்டு. இந்தத் தரம் கை வேறு. பழக்கமில்லாத கை, அவசரமாக, நகம் கீற.

டொக்.

பிறேக் அவளுடைய வலது காலுக்கு ஒரு முழம் கீழேதான் இருந்தது. ஜெயரூபி காலை இறக்கவில்லை.